சுவரிலே ஒரு போறணை

பாண், போறணை, குசினி, அலுமாரி, யன்னல், மேசை என்னும் சொற்களை நாள்தோறும் வழங்குகின்ற நாம், அவை போர்த்துக்கேயர் எம்மிடம் விட்டுச் சென்ற சொற்கள் என்பதைப் பெரும்பாலும் நினைப்பதில்லை. 1658ஆம் ஆண்டிலே யாழ்ப்பாணக் கோட்டை ஒல்லாந்தர் கைப்பட்டது. கோட்டையைப் பறிகொடுத்தவர்களின் சொற்களோ எமது அடுக்களைகளிலே குடியிருந்துவிட்டன. ஆயினும், சொல் வீட்டுக்குள் வந்ததேயன்றிப் போறணை வீட்டுக்குள் வரவில்லை. அது ஊரின் வெதுப்பகத்தோடு நின்றுவிட்டது. செங்கல்லும் களிமண்ணும் கொண்டு குவிமாடம் போலக் கட்டி, உள்ளே விறகெரித்துத் தணலை ஒதுக்கிவிட்டு, கற்கள் ஏற்றுவைத்திருக்கும் சூட்டிலே மாவை வேகவைக்கும் அந்தப் பெரும் போறணைக்கு, வீட்டிலே இடமும் இல்லை, வேலையும் இல்லை.

வீட்டிலே கேக் சுடுவதற்கு எமது அன்னையர் வேறொரு வழி கண்டிருந்தனர். அகன்ற பாத்திரத்தின் அடியிலே மணலைப் பரப்பி, அதன்மேல் மாவுத் தட்டை வைத்து மூடி, மூடியின் மேலே தணலும் கீழே மெல்லிய நெருப்புமாக இரு பக்கமும் சூடேற்றிச் சுடுவர். வெப்பமானி கிடையாது, மணிக்கூடும் வேண்டியதில்லை. வாசனையே அளவு. எமது தாயார் நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக இவ்வாறே சுட்டவர். மூடியைத் தூக்கித் தணலை அகற்றுவதற்குக் குனிந்து நிமிர்வது மட்டும் முழங்கால் வலி வந்த பின்னர் அவருக்கு இயலாமற் போயிற்று.

இப்போது மின்சாரத்தால் இயங்கும் போறணையைச் சுவரோடு சேர்ந்த அலுமாரியினுள்ளே பதித்து வைக்கும் வழக்கம் எமது நகரங்களிலே பரவி வருகின்றது. குனிய வேண்டியதில்லை, நிற்கும் நிலையிலேயே தட்டை வைக்கலாம், எடுக்கலாம். கடைக்காரர் அதன் கண்ணாடிக் கதவைத் திறந்து காட்டும்போது, அதன் பின்புறத்திலே என்ன இருக்கின்றது என்று கேட்பவர் சிலரே. அந்தப் பின்புறத்தைப் பற்றித்தான் இன்று வாசகர்களோடு சிறிது உரையாட விரும்புகின்றோம்.

எமது இல்லத்திலே இந்த எண்ணம் தோன்றியதற்குத் தாயாரின் முழங்கால் ஒரு காரணம்; காலத்தின் போக்கு மற்றொரு காரணம். 2021ஆம் ஆண்டின் இறுதியிலே, சமையல் எரிவாயுவினால் நேர்ந்த வெடிப்புக்கள் நாட்டின் பல பாகங்களிலும் வீடுகளை அச்சுறுத்தின. அடுத்த ஆண்டிலே எரிவாயுச் சிலிண்டருக்காக மக்கள் வெயிலிலே வரிசை வரிசையாகக் காத்துக் கிடந்தனர். மின்சாரமே தஞ்சம் என்று அப்போது கூறியவர் பலர். ஆயின், 2022ஆம் ஆண்டு மார்ச்சு மாத இறுதியிலே நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டும் இருந்தது என்பதை மறத்தலாகாது. எனவே, அன்றாடச் சமையலுக்கு எரிவாயு அடுப்பும் விறகடுப்பும் இருக்கட்டும், சுடுவதற்கு மட்டும் மின்போறணை வைப்போம் என்று வீட்டாருடன் கலந்து முடிவு செய்தோம்.

வாங்குமுன் கணக்கு

போறணையைக் கடையிலே பார்த்துவிட்டு வந்த அன்றிரவு, உயர்தர வகுப்பிலே பௌதிகம் கற்கின்ற எமது மகள் நாட்காட்டித் தாளின் பின்புறத்திலே ஒரு கணக்குப் போட்டாள். போறணையின் வலு 3,200 வாற்று. எமது மின்சாரம் 230 வோல்ற்று. வலுவை வோல்ற்றினால் வகுத்தால் மின்னோட்டம் கிடைக்கும் என்பதை மாணவர் அறிவர். விடை ஏறத்தாழ 14 அம்பியர்.

இந்த விடையிலே ஒரு செய்தி இருக்கின்றது. எமது நாட்டு வீடுகளிலே இப்போது நியமமாகவுள்ள சதுர முனைச் செருகி 13 அம்பியருக்கு உரியது. 13ஐ 230ஆற் பெருக்கினால் 2,990 வாற்று. ஆகவே, 3,000 வாற்றுக்கு மேற்பட்ட போறணையைச் சாதாரணச் செருகியிலே மாட்டுவது, ஒற்றை மாட்டு வண்டியிலே இரட்டை மாட்டுச் சுமையை ஏற்றுவதை ஒக்கும். வண்டி உடனே முறியாது. சில காலம் ஓடும். பின்னர் ஒருநாள், செருகியின் முகம் மஞ்சளித்து, உருகி, கருகும். அதன் மணத்தை நாம் கேக்கின் மணமென்று எண்ணிக்கொண்டிருப்போம்.

கம்பியின் கதையும் இதுவே. கம்பியிலே தோன்றும் வெப்பம் மின்னோட்டத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப உயரும். விளக்குக்கும் விசிறிக்குமென இழுத்த கம்பியிலே 5 அம்பியர் ஓடும்போது தோன்றும் வெப்பத்திலும் பார்க்க, அதே கம்பியிலே 14 அம்பியர் ஓடும்போது தோன்றும் வெப்பம் ஏறக்குறைய எட்டு மடங்கு. ஓட்டம் மூன்று மடங்குகூட ஆகவில்லை. வெப்பமோ எட்டு மடங்காயிற்று. இதனாற்றான் போறணைக்கென மின்பெட்டியிலிருந்தே தனியொரு சுற்று இழுத்தல் வேண்டும் என்கின்றனர். அந்தச் சுற்றிலே வேறெந்தக் கருவியும் பங்கு கொள்ளலாகாது. பலமுனைச் செருகிப் பலகையும் நீட்டிப்புக் கம்பியும் போறணைக்கு ஒருபோதும் ஆகா.

மகள் அத்துடன் நிற்கவில்லை. எமது வீட்டுக்கு வரும் மின்னிணைப்பு 30 அம்பியர், ஒரு தறுவாய். அதாவது 6,900 வாற்று. போறணை 3,200, நீர் கொதிக்க வைக்கும் கேத்தல் 2,000, மின்னழுத்தி 1,000, கிணற்று நீரிறைக்கும் இயந்திரம் 750. கூட்டினால் 6,950. குளிர்சாதனப் பெட்டியையும் விளக்குகளையும் சேர்க்கும் முன்னரே எல்லை கடந்துவிட்டது! ஆகையால், போறணை எரியும் வேளையிலே மின்னழுத்தி எடுப்பதில்லை, நீர் இறைப்பதில்லை என்று ஒரு வீட்டுச் சட்டம் பிறந்தது. இதனைப் போறணை வருமுன்னரே தாயாரும் ஏற்றுக்கொண்டார்.

பூமிக்குள் ஒரு கம்பி

எமது வீடு சுண்ணக்கல்லாலும் சுண்ணாம்புச் சாந்தாலும் கட்டப்பட்ட பழைய வீடு. மின்னிணைப்பும் பழையது, கம்பிகள் இடையிடையே மாற்றப்பட்டவை. தேசிய தொழிற் தகைமைச் சான்றிதழ் பெற்ற ஒரு மின்னிணைப்பாளரை அழைத்திருந்தோம். வந்தவர் சமையலறைக்குட் செல்லவேயில்லை. முற்றத்திலே நின்றபடியே வினவினார்:

“ஐயா, எர்த்துக் கம்பி எங்கை இறங்குது?”

வீட்டின் பின்புறத்திலே, துணி துவைக்கும் கல்லுக்கு அருகிலே, பச்சைக் கம்பியொன்று சுவரோடு இறங்கி நிலத்துட் புகுந்திருப்பதைக் காட்டினோம். அவர் குனிந்து அதனை மெல்ல இழுத்தார். கம்பி கையோடு வந்தது. அதன் நுனியிலே துருப்பிடித்த கவ்வியின் ஒரு துண்டு மட்டுமே இருந்தது. மண்ணைக் கிளறிப் பார்த்தபோது, ஒரு காலத்திலே நாட்டப்பட்ட இரும்புக் குழாய் அரித்துப்போய்க் கிடந்தது. அந்தக் கம்பி எத்தனை ஆண்டுகளாக எதனோடும் தொடர்பின்றித் தொங்கிக்கொண்டிருந்தது என்பதை யார் அறிவார்? விளக்கு எரிந்தது, விசிறி சுழன்றது, புவித்தொடுப்பு இல்லை என்பதை எதுவும் அறிவிக்கவில்லை. அதுவே அதன் கொடுமை. மற்றைய கம்பிகள் அறுந்தால் வீடு இருளும். இந்தக் கம்பி அறுந்தால் ஒன்றுமே நிகழாது, நிகழும் நாள் வரும்வரை.

அயலிலே இருக்கும் பெரியவர் ஒருவர் மதிலுக்கு மேலாற் பார்த்துக்கொண்டிருந்தார். “அதுதான் ட்ரிப் சுவிச்சு இருக்குதே தம்பி, பிறகேன் எர்த்து?” என்றார். நல்ல வினா. பல வீடுகளிலே இந்த எண்ணமே நிலவுகின்றது. எமது ட்ரிப் சுவிச்சின் சோதனைப் பொத்தானை அமுக்கினால் அது உடனே விழத்தான் செய்தது. ஆயின், அப்பொத்தான் சுவிச்சின் உள்ளுறுப்பு இயங்குகின்றதா என்பதை மட்டுமே சோதிக்கும். நிலத்துக்குச் செல்லும் கம்பி இருக்கின்றதா இல்லையா என்பதைப் பற்றி அதற்கு எதுவும் தெரியாது.

மின்னிணைப்பாளர் விளக்கியது இது. போறணையின் உடல் உலோகம். உள்ளே ஏதேனும் ஒரு கம்பி தளர்ந்து அவ்வுடலைத் தொட்டுவிட்டால், புவித்தொடுப்பு உள்ள வீட்டிலே மின்சாரம் அந்தக் கம்பி வழியே நிலத்துக்கு ஓடும்; ட்ரிப் சுவிச்சு அந்தக் கசிவை உணர்ந்து கணத்திலே விழும்; எவரும் தொடுமுன்னரே ஆபத்து நீங்கும். புவித்தொடுப்பு இல்லாத வீட்டிலோ, மின்சாரத்துக்குப் போக்கிடம் இல்லை. உலோக உடல் முழுவதும் அது காத்துக்கொண்டிருக்கும். ஈரக் கையோடு, வெறுங்காலோடு, சீமெந்துத் தரையிலே நின்று எவர் கதவைத் திறக்கின்றாரோ அவரே கம்பியாவார். அப்போதுதான் ட்ரிப் சுவிச்சு விழும். அது விழாமற் பழுதுபட்டிருந்தாற் கதி என்ன?

எமது வீட்டிலே அந்தக் கதவை முதலிற் திறக்கப்போகின்றவர் தாயார். கை கழுவிய ஈரத்தைச் சேலைத் தலைப்பிலே துடைத்துவிட்டு வேலை செய்வது அவர் பழக்கம். சமையலறையிலே செருப்பு அணிவதும் அவர் அறியாதது. அந்த நினைவு வந்தபோது, துருப்பிடித்த கவ்வியைக் கையிலே வைத்திருந்த நாம் சிறிது நேரம் பேசவில்லை.

புதிய செப்புப் பூச்சுத் தண்டு ஒன்றை நாட்டுவது என்று முடிவாயிற்று. யாழ்ப்பாணத்து நிலத்தின் இயல்பை அறிந்தவர்க்கு அதன் இடர் தெரியும். மேலே செம்மண், சிறிது ஆழத்திலே சுண்ணக்கற் பாறை. இரண்டு இடங்களிலே தண்டு கல்லிலே முட்டி நின்றுவிட்டது. மூன்றாவது இடத்திலே, வாழைகளுக்கு அருகே மண் ஆழமாகவும் ஈரமாகவும் இருந்த பகுதியிலே இறங்கியது. அளவுகருவியை வைத்துப் பார்த்தார். 20 ஓம் காட்டிற்று. “பரவாயில்லை ஐயா, ஆனால் கோடை காய்ஞ்ச பிறகு ஒருக்கா அளக்க வேணும்” என்றார். மண் உலர்ந்தால் தடை உயரும் என்பதே காரணம்.

அப்போது மகள் மறுபடியும் பென்சிலை எடுத்தாள். 230 வோல்ற்றை 20 ஓமினால் வகுத்தால் 11.5 அம்பியர். “அப்பா, போறணைக்கு 20 அம்பியர் பிரேக்கர் எண்டுதானே சொன்னவர்? உடம்பிலை கரண்ட் பாய்ஞ்சாலும் பதினொண்டரை அம்பியர்தானே ஓடும்? பிரேக்கர் விழாதே!” என்றாள்.

மின்னிணைப்பாளர் அவளை வியப்போடு பார்த்தார். சரியான கணிப்பு. சுற்றுடைப்பான் கம்பியைக் காப்பதற்கு உரியது. அளவு மீறிய ஓட்டம் வந்தாலே அது விழும். மனிதரைக் காப்பது ட்ரிப் சுவிச்சு. அது 30 மில்லியம்பியர், அதாவது ஓர் அம்பியரின் நூறிலே மூன்று பங்கு கசிந்தாலே விழும். அந்தக் கசிவுக்கு வழி அமைப்பது புவித்தொடுப்பு. இம்மூன்றும் ஒன்றுக்கொன்று மாற்று அல்ல. மூன்றும் இருத்தல் வேண்டும். வீட்டுக்கு வீடு தனித்தனித் தண்டு நாட்டும் முறை உள்ள எமது நாட்டிலே இது மிக முக்கியமானது.

சுவரும் அலுமாரியும்

சுவரைக் குடைந்து போறணையைப் பதிக்கலாம் என்று ஒருவர் கூறினார். பாரந்தாங்கும் பழைய சுண்ணக்கற் சுவரிலே அறுபது சதமமீற்றர் அகலத்துக்கு ஓட்டை இடுவது, மேலே தாங்குவிட்டம் வையாவிடின், கூரையின் பாரத்தை வெறும் நம்பிக்கையின் மேல் நிறுத்துவதாகும். ஆகவே சுவரைத் தொடாமல், அதன் முன்னே உயர்ந்த அலுமாரியொன்று செய்வித்து அதற்குள் வைப்பதே தக்கது என்று கொண்டோம்.

அலுமாரி செய்ய வந்த தச்சர் கைதேர்ந்தவர். போறணையின் கைந்நூலிலே கண்டபடி, உள்ளகலம் 560 மில்லிமீற்றர், உயரம் 600, ஆழம் 550 என அளவு கொடுத்தோம். போறணையின் முகம் 595 மில்லிமீற்றர் அகலமுடையது. ஆதலால் அது பொந்தின் விளிம்பை மறைத்து அழகாக நிற்கும். ஆயின், பொந்தின் முதுகைப் பலகையால் மூடக்கூடாது. அடித்தட்டின் பின்புறத்திலே 50 மில்லிமீற்றர் அளவுக்கு இடைவெளி வெட்டவும் வேண்டும் என்றபோது அவர் முகம் வாடிற்று.

“பின்பக்கம் திறந்து கிடந்தால் வடிவாயிராது ஐயா. ஆர் பாத்தாலும் வேலை அரைகுறை எண்டு சொல்லுவினம்” என்றார்.

தம் தொழிலிலே மானமுள்ளவரின் பேச்சு அது. காரணத்தை எடுத்துரைத்தோம். போறணைக்குள் 250 பாகை செல்சியசு வரை வெப்பம் ஏறும். காப்புறை எவ்வளவு நன்றாயினும், சிறிதளவு சூடு வெளிவந்தே தீரும். கீழிருந்து குளிர்ந்த காற்றுப் புகுந்து, பின்புறமாக மேலேறி வெளிச் சென்றாற்றான் அந்தச் சூடு தணியும். வழியை அடைத்தாற் பலகையின் பசை விடும், பலகை வளையும், போறணையின் மின்னுறுப்புக்கள் வாடும். சாதாரணப் பீவீசீ உறையிட்ட கம்பி 70 பாகைக்கு மேல் தாங்காது. ஆதலாற் கம்பி போறணையின் முதுகைத் தொடாதவாறு ஒதுங்கிச் செல்லல் வேண்டும். இவற்றைக் கேட்ட தச்சர், தாமே யோசித்து, காற்று வெளியேறும் மேற்பகுதிக்கு அழகியதொரு மரச்சட்டப் பின்னல் செய்து பொருத்தினார். இப்போது வருவோர் முதலிற் பார்ப்பது அதனையே.

உயரத்தைத் தீர்மானித்தவர் தாயார். அவரை நிற்கவைத்து, நடுத்தட்டு அவருடைய முழங்கைக்கு நேரே வரும்படி அளந்தோம். மிக உயர்த்தினாற் கொதிக்கும் தட்டு முகத்துக்கு நேரே வரும். தாழ்த்தினாற் குனிய வேண்டும், தவழும் குழந்தைக்கும் எட்டும். சூடான தட்டை எடுத்தவர் ஓர் அடியிலே அதனை இறக்கி வைக்கக்கூடிய மேடை அருகே இருத்தல் வேண்டும். தட்டோடு நடைவழியைக் கடக்கலாகாது. தண்ணீர்த் தொட்டிக்கு அருகும், குளிர்சாதனப் பெட்டிக்கு ஒட்டியும் போறணைக்கு இடமல்ல.

கம்பியின் நிறமும் சுவிச்சின் இடமும்

மின்பெட்டியிலிருந்து சமையலறைவரை புதிய கம்பி கூரையின் உட்புறமாகச் சென்றது. நண்பகலிலே எமது ஓட்டுக் கூரையின் கீழ் உள்ள வெக்கையை வாசகர் அறிவர். வெப்பமான இடத்திலே கம்பியின் தாங்குதிறன் குறையும், ஆகையால், 2.5 சதுர மில்லிமீற்றர்க் கம்பி போதாதெனக் கருதி 4 சதுர மில்லிமீற்றர்ச் செப்புக் கம்பியைத் தெரிந்தார் மின்னிணைப்பாளர்.

நிறங்களைப் பற்றியும் ஒரு சொல். பழைய வீடுகளிலே சிவப்பு உயிர்க்கம்பி, கறுப்பு நொதுமற்கம்பி, பச்சை புவிக்கம்பி. புதிய கருவிகளிலே கபிலம் உயிர், நீலம் நொதுமல், பச்சையும் மஞ்சளும் கலந்தது புவி. முத்தறுவாய் இணைப்புள்ள பழைய வீடுகளிலோ சிவப்பு, மஞ்சள், நீலம் ஆகிய மூன்றும் உயிர்க்கம்பிகள்! அங்கே நீலம் கொல்லும். இங்கே நீலம் நொதுமல். நிறத்தை மட்டும் நம்பிக் கைவைப்பவருக்கு இதனிலும் பெரிய பொறி இல்லை. கருவி வைத்துச் சோதித்த பின்னரே தொடுதல் முறை. அவ்வேலையும் எம்மைப் போன்றோர்க்கு உரியதன்று. தகுதி பெற்றவர்க்கே உரியது.

போறணையை முற்றாகத் துண்டிக்கும் இருமுனைச் சுவிச்சொன்று வேண்டும். உயிர், நொதுமல் இரண்டையும் அது ஒருங்கே பிரிக்கும். அதனைப் போறணைக்குப் பின்னே மறைத்து வைப்பது பெரும் பேதைமை. நெருப்புப் பற்றினால் நெருப்பைக் கடந்தா கை நீட்டுவது? அலுமாரிக்குப் பக்கத்திலே, நின்ற நிலையில் எட்டும் உயரத்திலே வைப்பித்தோம். மின்வெட்டு நேர்ந்தால் உடனே அதனை அணைத்துவிடல் வேண்டும் என்பதும் வீட்டுச் சட்டமாயிற்று. இல்லையேல், எவரும் வீட்டில் இல்லாத வேளையிலே மின்சாரம் திரும்பி வந்து போறணை தானாகவே சூடேறத் தொடங்கும்.

போறணையை ஏற்றிய நாளிலே இருவர் பிடித்தனர். அதன் நிறை ஏறத்தாழ 35 கிலோகிராம். கதவைக் கழற்றிவிட்டால் நிறை குறையும். கதவின் கைப்பிடியைப் பற்றித் தூக்கினாலோ கதவின் பொருத்து வளைந்துவிடும். பொந்திலே நேராக இருத்திய பின், முகத்தின் இரு பக்கங்களிலும் உள்ள துளைகளின் ஊடாகத் திருகாணிகளை அலுமாரியின் பக்கப் பலகையிலே இறுக்கினர். “இவ்வளவு பாரமானது எங்கே ஓடப் போகிறது?” என்று சிலர் இத்திருகாணிகளை விட்டுவிடுவதுண்டு. கதவைத் திறந்து, பாரமான தட்டை முன்னே இழுக்கும்போது போறணை முன்புறமாகச் சாயக்கூடும் என்பதை அவர்கள் எண்ணுவதில்லை.

சமைக்குமுன் வெறும் போறணையை 200 பாகைக்கு மேல் ஒரு மணித்தியாலம் எரியவிட்டோம். தொழிற்சாலையிலே பூசிய எண்ணெய் கருகி மணமும் மெல்லிய புகையும் வரும். ஆதலால் யன்னல்கள் அனைத்தையும் திறந்து வைத்தோம். அவ்வேளையில் மின்பெட்டியையும் சுவிச்சையும் தொட்டுப் பார்த்தார் மின்னிணைப்பாளர். எங்கும் சூடில்லை. அதன் பின்னரே “அம்மா, இனி நீங்கள் சுடலாம்” என்றார்.

மாரி காலத்துச் சோதனை

இத்துடன் கதை முடிந்ததென்றே எண்ணினோம். அவ்வாண்டு வாடைக் காற்றோடு மாரி பிடித்துக்கொண்டது. பல வாரங்களாகப் போறணையை எவரும் எரிக்கவில்லை. நத்தாருக்கு முன், அயல்வீட்டுப் பிள்ளைகளுக்காகக் கேக் சுடத் தாயார் போறணையைப் போட்டார். ட்ரிப் சுவிச்சு விழுந்து வீடு இருண்டது. மீண்டும் ஏற்றினோம்; மீண்டும் விழுந்தது.

முன்னே மதிலின் மேலாற் பார்த்த பெரியவர் உதவிக்கு வந்தார். மனமார்ந்த அன்போடுதான் சொன்னார்: “அந்த எர்த்துக் கம்பியைக் கழட்டி விடும் தம்பி. விழாது. என்ரை மருமேன் வீட்டிலை அப்பிடித்தான் செய்தது. இண்டைக்கும் வேலை செய்யுது.”

அவர் கூறியது உண்மையே, கழற்றினால் விழாமற்போகலாம். காய்ச்சல் இருக்கின்றது என்று காட்டும் வெப்பமானியை உடைத்துவிட்டாற் காய்ச்சல் தெரியாது. மாவு குழைத்தாயிற்று, பிள்ளைகள் வாசலிலே நிற்கின்றனர், ஒரு திருகாணியைக் கழற்றினாற் போதும். தாயார் எம்மைப் பார்த்தார். பெரியவர் மனம் நோகாதவாறு, “வேண்டாம் ஐயா, ஆளைக் கூப்பிட்டுக் காட்டுவம்” என்றோம். குழைத்த மா அன்று தாச்சியிலே தட்டையப்பமாக மாறியது. பிள்ளைகளுக்கு அதிலே குறையொன்றும் தோன்றவில்லை.

மறுநாள் மின்னிணைப்பாளர் வந்து சோதித்தார். போறணையின் சூடேற்றும் தண்டுகளுக்குள்ளே கம்பியைச் சுற்றி ஒரு வெண்ணிறத் தூள் அடைக்கப்பட்டிருக்கும். அது காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும் இயல்புடையது. நெடுநாள் எரிக்காமல் விட்டால், மாரிக்காலத்து ஈரம் அதிலே ஊறி, சிறிதளவு மின்சாரம் உடலுக்குக் கசியும். ட்ரிப் சுவிச்சு தன் கடமையைச் செய்ததேயன்றிப் பழுதுபடவில்லை. ஒரு தண்டிலே ஈரம் மிகுந்திருந்தது. அதனை முறையாக உலர்த்தி, காப்புத் தடையை மீண்டும் அளந்து, சரியென்று கண்ட பின்னரே இணைத்தார். மாரிக்காலத்திலே வாரமொரு முறையேனும் போறணையைச் சிறிது நேரம் எரிக்கும்படி சொல்லிச் சென்றார். அன்று தொட்டு எமது வீட்டிலே மழைக்காலச் சனிக்கிழமைகளில் ஏதாவது சுடப்படுகின்றது.

இந்த வேலைக்கு நாம் செலவிட்டதிலே பாதிக்குச் சற்றுக் குறைவான தொகை கண்ணுக்குத் தெரியாத பொருள்களுக்கே சென்றது: மண்ணுக்குள் ஒரு தண்டு, கூரைக்குள் ஒரு கம்பி, அலுமாரிக்குப் பின்னே ஒரு வெற்றிடம். வீட்டுக்கு வருவோர் கண்ணாடிக் கதவைப் பாராட்டுவர். தண்டை எவரும் பாராட்டுவதில்லை. பணம் முடைப்படும்போது முதலிற் குறைக்கத் தோன்றுவதும் இவற்றையே. குறைப்பதாயின் போறணையின் விலையிலே குறையுங்கள். பெரியதற்குப் பதிலாகச் சிறியதை வாங்குங்கள். மண்ணுக்குள் இருப்பதிலே குறைக்கவேண்டாம்.

போறணை வாங்கும் எண்ணம் இல்லாதவர்க்கும் இதில் ஒரு வேலை உண்டு. இன்று ஞாயிற்றுக்கிழமை. வீட்டிலே பௌதிகம் படிக்கும் பிள்ளை இருந்தால் அழைத்துக்கொண்டு வெளியே சென்று, உங்கள் புவிக்கம்பி எவ்விடத்திலே நிலத்துட் புகுகின்றது என்று தேடிப் பாருங்கள். கையால் இழுக்க வேண்டாம். கண்ணாற் பார்த்தாற் போதும். கவ்வி இருக்கின்றதா, துரு ஏறியிருக்கின்றதா, கம்பி அறுந்திருக்கின்றதா என்று நோக்குங்கள். உள்ளே வந்து ட்ரிப் சுவிச்சின் சோதனைப் பொத்தானை ஒருமுறை அமுக்குங்கள். ஏதேனும் ஐயம் தோன்றினால், நாளைத் திங்கட்கிழமை தகுதியுள்ள ஒருவரை அழையுங்கள். அவர் வந்து அளந்து சொல்லும்வரை, உலோக உடலுள்ள மின்கருவிகளை ஈரக் கையோடு தொடவேண்டாம் என்று வீட்டுப் பெரியவர்களுக்குச் சொல்லி வையுங்கள்.